அப்பாவின் கலண்டரும் கட்டார் ரிக்கற்றும்

வலிகாமத்தில் ஒரு கிராமத்திலிருந்து 24 வயதுத் தம்பி ஒருவர் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியில் வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் இரண்டையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இவருடைய அப்பா தவில் வித்துவான், அப்பப்பாவும் தவில்தான். இவர் ஆறு வயதில் கழி பிடித்திருக்கிறார். உயர்தரத்தில் கணிதப் பிரிவு, மூன்று பாடமும் சித்தி, ஆனால் கம்பஸ் கிடைக்கவில்லை. பிறகு கியூஎஸ் எனப்படும் கணிய அளவையியலில், அதாவது கட்டட வேலைக்கு வேண்டிய பொருளையும் செலவையும் அளந்து கணக்கிடும் படிப்பில், டிப்ளோமா செய்து நல்ல புள்ளிகளோடு முடித்திருக்கிறார். படிக்கும் காலம் முழுக்க அப்பாவோடு திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போய் வாசித்துக்கொண்டேதான் படித்திருக்கிறார்.

இப்போது அவர் முன்னால் மூன்று வழிகள். கட்டாரில் இருக்கும் தாய்மாமன் தன்னுடைய கம்பனியில் வேலை எடுத்துத் தருவதாகவும் ரிக்கற்றையும் தானே போடுவதாகவும் சொல்கிறார், மாத முடிவுக்குள் பதில் வேண்டுமாம். யாழ்ப்பாண ரவுணில் ஒரு பினான்ஸ் கம்பனி 60,000 ரூபா சம்பளத்தில் கூப்பிட்டிருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் வேலை, லீசிங் தவணை கட்டாதவர்களைத் தேடிப் போய் வசூலிக்கும் பிரிவு, திங்கட்கிழமை முடிவு சொல்ல வேண்டும். மூன்றாவதாக, பெயர்பெற்ற ஒரு நாதஸ்வர வித்துவான் தன்னுடைய செற்றில், அதாவது மேளக் குழுவில், நிரந்தரமாகச் சேரும்படி கேட்டிருக்கிறார். தம்பிக்கு ஆசை மூன்றாவதில்தான். இரண்டு வருடம் தஞ்சாவூர்ப் பக்கம் போய் ஒரு பெரிய வித்துவானிடம் இருந்து படித்துவிட்டு வந்து அந்த செற்றில் சேர்வது அவருடைய எண்ணம்.

அம்மா சொல்கிறாராம், "உங்கட அப்பாவோட இது முடியட்டும்." அப்பா ஒன்றும் சொல்கிறார் இல்லை. ஒரு தங்கச்சி, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். கடிதம் இப்படி முடிகிறது: "வேலைக்குப் போனால் என்ர கை செத்துப்போகும். போகாட்டி அம்மா உடைஞ்சுபோவா. எது சரி எண்டு ஒரே வசனத்தில சொல்லுங்கோ."

தம்பி, ஒரே வசனத்தில் சொல்லும் அளவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் இழுத்தடிக்காமல் என் அபிப்பிராயத்தை முதலே சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு வாசியுங்கள். கட்டாருக்கு இப்போது போக வேண்டாம். அந்த பினான்ஸ் கம்பனி வேலையும் உங்களுக்கு வேண்டாம். அதற்காக வேலை வெட்டி ஒன்றும் இல்லாமல் முழுநேரத் தவிலில் இறங்கவும் வேண்டாம். நீங்கள் படித்த கியூஎஸ் வேலையை இங்கேயே ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம் இரண்டு வருடம் செய்யுங்கள், அந்த இரண்டு வருடமும் தவிலைத் தோளிலிருந்து இறக்காதீர்கள். தவிலா உத்தியோகமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எந்த உத்தியோகம் தவிலுக்கு இடம் விடும் என்பதைத்தான் நான் பார்க்கச் சொல்வேன்.

அம்மா என்ன சொல்கிறார்

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட மூன்று வரிகளில் என் கண் நின்றுவிட்டது. அப்பா நிகழ்ச்சிகளைச் சுவரில் தொங்கும் கலண்டரில் நீலப் பேனையால் குறித்து வைப்பார் என்றும், ஒவ்வொரு மாதமும் தாளைத் திருப்பியதும் அம்மா அதன் முன்னால் நின்று விரல் விட்டு எண்ணுவார் என்றும், ஆனி ஆவணியில் சிரிப்பா, மார்கழியில் அந்தப் பக்கமே பார்க்க மாட்டா என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அம்மாவுக்குத் தவில் பிடிக்கவில்லை, அதை மானக்கேடாக நினைக்கிறார் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இருபத்தைந்து வருடமாக வெறும் கட்டங்களை எண்ணி எண்ணி ஒரு வீட்டை ஓட்டிய மனுஷி அவர். கல்யாணம் இல்லாத மாதத்தில் கடைக் கொப்பியில் கடன் எழுதியவர், தோள் நோவில் அப்பா ஆறு மாதம் வாசிக்காமல் இருந்தபோது காப்பை அடைவு வைத்தவர், இதெல்லாம் நீங்களே எழுதியிருப்பதுதான். "அப்பாவோட இது முடியட்டும்" என்று அவர் சொல்லும்போது அந்த "இது" தவில் என்று உங்கள் காதில் விழுகிறது. எனக்கு அது மார்கழிக் கலண்டர் என்று விழுகிறது. நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம், அதனால் அம்மாவிடமே கேளுங்கள். தவில் வேணுமா வேண்டாமா என்று கேட்காமல், "மாதம் எவ்வளவு நிச்சயமா வந்தா உங்களுக்குப் பயமில்லாமல் இருக்கும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு தொகை இருக்கும். தொகை தெரிந்தால் பேசலாம், பயத்தோடு மல்லுக்கட்ட முடியாது.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்று எங்கள் ஊரில் சொன்னவர்களை இன்றைய பிள்ளைகள் பிற்போக்கு என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருமானம் நின்றுபோன வீடுகள் இருந்தன, அதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

"வேலைக்குப் போனால் கை செத்துப்போகும்"

தவில் மேதை தட்சிணாமூர்த்தி உத்தியோகம் பார்த்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கவில்லை. 1933 இல் பிறந்து 1975 இல் காலமான அந்த மேதை தவிலைத் தவிர வேறொன்றும் செய்யவில்லைதான். ஆனால் அவரை அளவுகோலாக வைத்து உங்களுடைய 24 வயதை அளப்பது உங்களுக்கே நியாயமா? அவருடைய தகப்பனார் விசுவலிங்கமும் தவில்காரர், பிள்ளைப் பருவத்திலிருந்தே வாழ்க்கை முழுவதும் தவில்தான், அவரை இங்கும் தமிழ்நாட்டிலும் தேடித்தேடி அழைத்த ஒரு காலமும் இருந்தது. அப்படி நூற்றாண்டுக்கு ஒருவரோ இருவரோ வருவார்கள். அவர்களுடைய பாதை மற்றவர்களுக்குச் சரிவராது.

பொதுவாக இப்படிக் கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் வேறு ஆட்களைச் சொல்வதுண்டு. அளவெட்டியில் பிறந்த மஹாகவி உருத்திரமூர்த்தி எழுதுவினைஞராகத் தொடங்கி நிர்வாக சேவை வரை போனவர், 1971 இல் 44 வயதில் இறக்கும்வரை கவிதையை விடவில்லை. டொமினிக் ஜீவா 1966 இல் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் சலூன் நடத்திக்கொண்டிருந்தார். உத்தியோகமும் தொழிலும் அவர்களுடைய கலையைக் கொல்லவில்லை.

ஆனால் உங்களுக்கு இதைச் சொல்லிவிட்டு நான் எழும்பிவிட்டால் அது நேர்மையில்லை. எழுத்தும் தவிலும் ஒன்றல்ல. எழுதுகிறவர் ஒரு மாதம் பேனையைத் தொடாமல் இருந்தாலும் பிறகு உட்கார்ந்து எழுதிவிடலாம். தவில் அப்படியில்லை. வலப்பக்க வலந்தலையில் விரல்களின் வேகம், இடப்பக்கத் தொப்பியில் கழியின் கனம், ஒரு இரவு முழுக்க நின்று வாசிக்கும் உடம்பு, எல்லாம் பழக்கத்தில் நிற்பவை. பத்து நாள் விட்டால் கை சொல்லும், ஒரு மாதம் விட்டால் பக்கத்தில் நிற்கும் நாதஸ்வரக்காரருக்குத் தெரியும், ஆறு மாதம் விட்டால் வீதியில் நிற்கிறவர்களுக்கும் தெரிந்துவிடும். ஆகவே உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. எல்லா வேலைக்கும் அந்தப் பயம் பொருந்தாது என்று மட்டும் சொல்கிறேன்.

கட்டாருக்கு அது முழுக்கப் பொருந்தும். நாலு பேர், ஆறு பேர் சேர்ந்து இருக்கும் அறையில் தவிலை வெளியில் எடுக்கவே முடியாது. "அஞ்சு வருஷம் உழைச்சுப்போட்டு வந்து வாசிப்பன்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லிப் போய் 29, 30 வயதில் திரும்பி வந்த இரண்டு இளைஞர்களோடு நான் பேசியிருக்கிறேன். ஒருவர் மிருதங்கம், மற்றவர் நாதஸ்வரம். காசு இருந்தது, வீடும் கட்டினார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பெட்டிக்குள் வைத்ததை என் முன்னாலேயே சொல்லி அழுதார். மிருதங்கக்காரர் இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், மேடைக்குப் போவதில்லை. போகவே கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. போவதானால் எதை இழக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும், "பிறகு பிடிக்கலாம்" என்று நம்பிப் போகக்கூடாது.

முழுநேரம் என்றால் என்ன

இதையும் நீங்கள் கொஞ்சம் பிழையாக விளங்கியிருக்கிறீர்கள். முழுநேரக் கலைஞன் என்றால் விடிய எழும்பி ஆறு மணித்தியாலம் சாதகம், பிறகு கோயில், பிறகு கேள்வி ஞானம் என்று ஒரு படம் உங்கள் மனதில் இருக்கிறது. உங்கள் அப்பாவின் நாளைப் பாருங்கள். சீசனில் காலையில் ஒரு கல்யாணம், பின்னேரம் ஒரு திருவிழா, அடுத்த நாள் வேறு ஊரில் சாமத்தியவீடு. சாதகம் செய்ய நேரம் எங்கே? கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு சினிமாப் பாட்டுக் கேட்பார்கள், வாசிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தக் காசில்தான் அந்த மாதம் ஓடுகிறது. கையில் வேறு வருமானம் இல்லாதவன் எந்த நிகழ்ச்சிக்கும் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

வேறு வருமானம் இருப்பவனுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது. தவில்காரர் கூடித் தனித்து வாசிக்கும் தவில் சமா நடக்கும் திருவிழாக்களை எடுக்கலாம், இரண்டு பாட்டோடு முடிகிற நிகழ்ச்சியை விடலாம். சம்பளம் கலையைத் தின்னும் என்று பயப்படுகிறீர்கள், நல்ல இடத்தில் கிடைக்கும் சம்பளம் கலைக்குக் காவல் நிற்கவும் செய்யும்.

அந்த வித்துவானின் செற்றில் சேர்வதைப் பற்றி: கட்டாயம் சேருங்கள், ஆனால் "நிரந்தரமாக" என்ற சொல்லில் மயங்காதீர்கள். மாதச் சம்பளமா, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சியா? நிகழ்ச்சிக்குத்தான் என்றால் அதில் நிரந்தரம் ஒன்றும் இல்லை. மரியாதையாக இப்படிச் சொல்லலாம்: "ஐயா, திருவிழாக்காலமும் சனி ஞாயிறும் நான் உங்களோடதான். கிழமை நாளில் பகல் கல்யாணங்களுக்கு மட்டும் வேறு ஒருவரை வைச்சுக்கொள்ளுங்கோ." ஆறு வயதிலிருந்து உங்களைத் தெரிந்தவர், கோபிக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். நல்ல கை ஒன்றை அவரும் இழக்க விரும்ப மாட்டார்.

வேலைகளைக் கலண்டரில் வைத்துப் பாருங்கள்

சம்பளத்தை மட்டும் பார்த்து வேலையை எடை போடாதீர்கள். உங்கள் விஷயத்தில் லீவுதான் முதல் கேள்வி. சித்திரை வருடப்பிறப்பில் மானிப்பாய் மருதடிப் பிள்ளையார் தேரோடு தொடங்கினால், ஆனியில் நயினாதீவு, ஆடி அமாவாசையோடு மாவிட்டபுரம், ஆடி ஆவணியில் நல்லூர், பிறகு தெல்லிப்பழை துர்க்கை அம்மன், சந்நிதி, புரட்டாதியில் வல்லிபுரம் என்று ஆறு மாதம் ஓடுகிறது, இடையில் உங்கள் ஊர்ச் சின்னக் கோயில்கள் எத்தனையோ.

தனியார் அலுவலகத்தில், கடை அலுவலக ஊழியர் சட்டப்படி, வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும், மொத்தம் 21 நாள். நல்லூர்த் திருவிழா மட்டுமே 25 நாள். அதோடு வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் அந்த 14 நாளும் கிடையாது, இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அமய லீவு மட்டும்தான். சேரும்போது இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆடி மாதம் லீவு கேட்கும்போதுதான் தெரியவரும். பினான்ஸ் கம்பனியில் ஆறு நாள் வேலை, வசூலுக்குப் போவது பெரும்பாலும் ஆட்கள் வீட்டில் இருக்கும் பின்னேரமும் ஞாயிறும். அது சரியாகத் திருவிழா நேரம். நீங்கள் படித்த படிப்புக்கும் அந்த வேலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை, இரண்டு வருடம் கழித்துத் தவிலும் போயிருக்கும், கியூஎஸ்ஸும் மறந்திருக்கும். 60,000 ரூபா கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், ஆனாலும் நான் வேண்டாம் என்பேன்.

அரச உத்தியோகத்தில் 21 நாள் அமய லீவும் 24 நாள் ஓய்வு லீவுமாக 45 நாள் என்பதுதான் நீண்டகால வழக்கம். தொழினுட்ப உத்தியோகத்தர் பரீட்சைக்கு அறிவித்தல் வரும்போது உங்கள் டிப்ளோமா பொருந்துகிறதா என்று வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பியுங்கள். ஆனால் ஒன்று, அரச உத்தியோகத்தர் வெளியில் காசுக்கு வேலை செய்வதானால் திணைக்களத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும். கோயிலில் வாசிப்பதை ஆர் கேட்கப்போகினம் என்று விட்டுவிடாதீர்கள். பொறாமைப்பட்ட ஒருவர் எழுதும் மொட்டைக் கடிதத்தில் நல்ல பிள்ளைகள் விசாரணைக்கு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இனி ஒப்பந்தகாரரிடம் கியூஎஸ் வேலை. ஆரம்பச் சம்பளம் பினான்ஸ் கம்பனியை விடக் குறைவாக இருக்கலாம், வெயிலில் நிற்க வேண்டியும் வரும். ஆனால் இரண்டு வருடத்தில் வரைபடத்தைப் பார்த்து அளவெடுத்து பி.ஓ.கியூ. எனப்படும் அளவுப் பட்டியல் தயாரிக்கும் கை உங்களுக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த வேலையை வீட்டில் மடிக்கணினியில் இருந்தே செய்யலாம். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பி இங்கே வீடு கட்டுவிக்கிறவர்கள் எத்தனை பேர், வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்கும் மதிப்பீட்டுக்காக அலைகிறவர்கள் எத்தனை பேர்! மார்கழி மழையில் மேளம் இல்லாத மாதத்தில் நாலு மதிப்பீடு செய்து கொடுத்தால் அம்மா எண்ணும் வெறும் கட்டங்கள் நிரம்பும். ஆவணியில் ஒன்றும் எடுக்காமல் விடலாம். உங்களைப் போல் பருவத்தோடு ஓடும் கலைஞனுக்கு இவ்வளவு பொருந்துகிற தொழில் கையில் இருக்கிறது, அதை அம்மாவைச் சமாதானப்படுத்தப் படித்த படிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

ஒப்பந்தகாரரிடம் பேசும்போது உள்ளதைச் சொல்லிச் சேருங்கள். "திருவிழாக்காலத்தில் பின்னேரம் நாலு மணிக்குப் போக வேணும், காலையில் ஏழு மணிக்கே வாறன்" என்று முதல் நாளே கேளுங்கள். ஒருவர் மறுத்தால் இன்னொருவர் ஒத்துக்கொள்வார். சேர்ந்த பிறகு பொய் சொல்லி லீவு எடுக்கிறவனுக்கு எந்த இடத்திலும் மதிப்பு இல்லை.

அப்பாவுக்குக் கிடைக்காதவை

இந்தப் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். அதைத் தவிர ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். 60,000 ரூபா சம்பளம் என்றால் முதலாளி பக்கத்தில் இருந்து மட்டும் மாதம் 9,000 ரூபா உங்கள் பெயரில் சேரும். "சின்னக் கம்பனி, நாங்கள் கட்டுறேல்லை" என்று சொன்னால் நம்ப வேண்டாம், ஒரு ஊழியர் இருந்தாலும் கட்ட வேண்டியது சட்டம். கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

சுயதொழில் செய்பவரும் நம்பிக்கை நிதியில் தானே விரும்பிச் சேரலாம். சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டங்களும் சுயதொழில் செய்வோருக்கென்றே இருக்கின்றன. உங்கள் பிரதேச செயலகத்தில் கேட்டால் விபரம் சொல்வார்கள், 24 வயதில் சேர்ந்தால் தவணைத் தொகை குறைவு. கலாபூஷணம் போன்ற அரச விருதுகள் முதுமையில் வருபவை, வந்தால் சந்தோஷம், அவற்றை நம்பி அடுப்பு எரியாது.

அப்புறம் மேளக் காசு. திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர் தருவார், அவர் கோயில் சபையிடம் கொடுத்தாராம், சபை பிறகு தருமாம், இப்படி இழுபட்ட நிலுவைகள் உங்கள் வீட்டிலும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் தலைமுறை கேட்கக் கூச்சப்பட்டது. நீங்கள் ஒரு கொப்பி வையுங்கள். மேளம் பேச வரும்போதே திகதி, நேரம், எத்தனை பேர், எவ்வளவு, அச்சாரம் எவ்வளவு, மிச்சம் எப்போது என்று எழுதி வட்ஸ்அப்பில் அவர்களுக்கு அனுப்பி "சரிதானே ஐயா?" என்று கேட்டு வையுங்கள். அந்த "ஓம்" பிறகு உதவும். கனடா, சுவிஸ் கோயில்களுக்கு அழைப்பு வந்தால், அந்த விசாவில் காசுக்கு வாசிக்க அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், உல்லாசப் பயண விசாவில் போய் வாசித்து மாட்டிக்கொண்டால் அடுத்த விசாவுக்கும் அது தடை.

கையைப் பற்றி

உங்கள் கை உண்மையிலேயே நல்ல கையா? கோபிக்க வேண்டாம், யாராவது கேட்கத்தான் வேண்டும். யூடியூப்பில் உங்கள் தனி வாசிப்பை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கை எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் ஒரு பூங்காவனத் திருவிழாவில், வெற்றிலை போட்டுக்கொண்டு தூணடியில் இருந்த வயசாளி ஒருவர் நீங்கள் கோர்வைக்குப் போனதும் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தொடையில் தாளம் போட்டு எண்ணிக்கொண்டே இருந்தார் என்றும், முடிந்ததும் வந்து உங்கள் வலது கையை, விரலில் கூடுகளோடேயே, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார் என்றும். அந்த மனிதரை நம்புங்கள். அவரைப் போல் இன்னும் மூன்று பேரிடம், உங்கள் உறவுக்காரர் அல்லாத மூத்த வித்துவான்களிடம் வாசித்துக் காட்டி, "எனக்கு எது போதாது?" என்று கேளுங்கள். அப்பாவிடமும் கேளுங்கள். அவர் பேசாமல் இருப்பது இந்தக் கேள்வியை நீங்கள் கேட்காததாலும் இருக்கலாம்.

தஞ்சாவூருக்கு இரண்டு வருடம் என்பதை இப்போதைக்குச் சுருக்குங்கள். இங்கே மழையும் மேளம் குறைவுமான காலத்தில் ஆறு வாரம் போய் அந்த வித்துவானோடு இருந்து பாருங்கள், சம்பளமற்ற லீவுக்கு இப்போதே கேட்டு வைக்கலாம். உங்களை அவருக்கும் அவரை உங்களுக்கும் பிடிக்கிறதா, வீட்டு வேலை செய்வித்தே காலம் போகிறதா, உண்மையில் சொல்லித் தருகிறாரா என்பதெல்லாம் ஆறு வாரத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு வருடத்தைப் பற்றி யோசிக்கலாம்.

நாளாந்தச் சாதகத்துக்குக் காலை ஐந்து மணியிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தை ஒதுக்குங்கள், அதில் யாரும் கை வைக்க விடாதீர்கள். சைற்றுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது சொற்கட்டுகளை வாயால் சொல்லிக்கொண்டு போங்கள், கணக்கு மறக்காது. அப்பாவின் தோளை யாழ் போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள், போகும்போது உங்கள் காதையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். இந்த வாத்தியத்தோடு முப்பது வருடம் நிற்கப்போகிறவருக்குக் காது முக்கியம்.

"மேளக்காரன்"

பள்ளிக்கூடத்தில் உங்களை அந்தச் சொல்லால் கூப்பிட்டதையும், அம்மா ஒரு கல்யாண வீட்டில் கடைசிப் பந்திவரை காத்திருந்ததையும் எழுதிவிட்டு, "இதை எழுதியிருக்கக் கூடாதோ தெரியாது" என்று வெட்டியும் விட்டிருக்கிறீர்கள். எழுதியது சரி. மங்கள வாத்தியம் என்று வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வாசித்தவரைப் பின்வாசலால் அனுப்பிய ஊர் இது. நான் பிறந்த ஊரும் இதுதான், எனக்கு அதில் வெட்கம் இருக்கிறது. இன்றைக்குக் கொஞ்சம் மாறியிருக்கிறது, முழுக்க மாறவில்லை.

ஆனால் தம்பி, அந்தக் காயத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் பேரிலிருந்து தப்பத்தான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கம்பனிக்குப் போவதென்றால் அந்த முடிவு உங்களைக் கேலி செய்தவர்கள் எடுத்தது. அவர்களுக்கு முன்னால் நின்று காட்டத்தான் வேலையை உதறுவதென்றாலும் அதுவும் அவர்கள் எடுத்ததுதான். தவிலைத் தோளில் மாட்டும்போது உங்களுக்கு என்ன நடக்கிறது என்று முதல் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்களே, அதில் அந்த ஆட்கள் ஒருவரும் இல்லை. அந்த அரைப் பக்கத்தை வைத்து முடிவெடுங்கள்.

திங்கட்கிழமைக்கு முன்

பினான்ஸ் கம்பனிக்கு நன்றி சொல்லி, சேரவில்லை என்று எழுத்தில் அறிவியுங்கள், பதில் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். இந்தக் கிழமையே நாலைந்து ஒப்பந்தகாரர்களிடம் உங்கள் சான்றிதழ்களோடு நேரில் போங்கள்.

மாமாவுக்கு உடனே முடியாது என்று சொல்ல வேண்டாம், அவர் அன்பில்தான் கேட்கிறார். வேலையின் பெயர் என்ன, கியூஎஸ் வேலையா அல்லது சைற்றில் உதவியாளரா, ஒப்பந்தம் எத்தனை வருடம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து அனுப்புகிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். பணியகப் பதிவு இல்லாமல் யார் சொன்னாலும் போகக்கூடாது. இரண்டு வருட அனுபவத்தோடு போனால் இதைவிட நல்ல பதவி கிடைக்கும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள், உண்மையும் அதுதான். இங்கே நாம் நினைத்தது சரிவராவிட்டால் அந்தக் கதவு அப்போதும் திறந்திருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட பிறகு, போன வருடக் கலண்டரை அப்பா எறியாமல் வைத்திருந்தால் எடுத்து அம்மாவோடு உட்காருங்கள். தங்கச்சியையும் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மாதத்திலும் எத்தனை நிகழ்ச்சி, எவ்வளவு வந்தது, எவ்வளவு இன்னும் வரவில்லை, எந்த மாதம் கடன் பட்டது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் அம்மா சொல்லும் அந்தத் தொகையையும் எழுதுங்கள். எழுதி முடிந்ததும் தாளைப் படமெடுத்து எனக்கும் அனுப்புங்கள், மாமாவுக்கு இறுதிப் பதிலை அதைப் பார்த்துவிட்டுச் சேர்ந்து எழுதுவோம்.